அரை பார் ஐஸ்

— கையெழுத்தப் போடு தாயி. பேனா மூடியத் தொறந்து வச்சுக்கிட்டு நான் எம்புட்டு நேரம் நிக்கது?

— போட மாட்டேன்ப்பா.

— ரெண்டு நாளா உக்காந்து எழுதியிருக்கேன். எழுத்துக் கோணலாக் கெடக்கேன்னு பாக்கியா?

— எழுத்து நல்லாத்தான் இருக்கு. எழுதின சங்கதிதான் நல்லா இல்ல.

— எந்தச் சங்கதி? வாசிக்கேன், நீயே சொல்லு. 'ஐயா, என் பெயர் பால்ச்சாமி. மம்சாபுரத்தில் குடியிருக்கிறேன். ராஜபாளையம் ஐஸ் கம்பெனியில் லோடுமேன். என் மகள் ஜெயசித்ரா மில்லில் வேலை பார்த்துக்கொண்டே போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் கிரவுண்டில் பழக்கிவிட்ட மாஸ்டர் நவநீதகிருஷ்ணன், ஓடி முடித்த பிள்ளையை ஐஸ் போட்ட டிரம்முக்குள் இருபது நிமிஷம் நிற்க வைத்து, இரண்டு காலையும் கெடுத்துவிட்டார்.' இதுல எது பொய்யி?

— நிக்க வச்சாருங்கது பொய்யி. பத்து நிமிசத்துல விசில் ஊதிட்டாரு. நாந்தான் வெளிய வரல.

— ஊதினா ஆச்சா? பதினொண்ணாவது நிமிசம் வந்து கையப் பிடிச்சு இழுத்திருக்கணுமா இல்லையா? மாடு கெணத்துல விழுந்தாக்கூட நாலு பேரு கயித்தக் கொண்டுக்கிட்டு ஓடுதாக.

— அவரு கிரவுண்டு அந்தக் கடைசியில நீளம் தாண்டுற பிள்ளைகளுக்கு மணலக் கொத்திவிட்டுக்கிட்டு இருந்தாரு.

— மணலக் கொத்தினாராம், மணல. மீசைய முறுக்கிக்கிட்டு நின்னிருப்பாரு. பட்டாளத்தான்னு கிரவுண்டே அந்த ஆளக் கையெடுத்துக் கும்பிடுது. ஒங்கூட எறங்கின ரெண்டு பிள்ளைகளும் கால வச்ச ஒடனே எரியுதுன்னு குதிச்சு வெளிய வந்துட்டாளுகளாம். நீ மட்டும் மரம் மாதிரி நின்னிருக்க. எவன் மேலயோ அம்புட்டு நம்பிக்க ஒனக்கு. அதான் இங்க வந்து படுத்திருக்க.

— ஆமா. நம்பிக்கதான். விடுப்பா.

— விடுறதுக்கா எழுதினேன்? நாலு மணிக்கு அவர ஸ்டேசனுக்கு வரச் சொல்லியிருக்காக. பிள்ள கையெழுத்து இருந்தா இன்னைக்கே கேஸ எழுதி உள்ள வச்சிருவோம்னு இன்ஸ்பெக்டரு சொல்லிட்டாரு. மணி இப்பவே ரெண்டே முக்கா.

— அவர உள்ள வச்சா எங் காலு வந்துருமா?

— காலு வராது. எனக்குத் தூக்கம் வரும்.

— அங்க பதினெட்டுப் பிள்ளைக பழகுதாளுக. அதுல ஏழு பேரு எங்கூட மில்லுல நிக்கிறவளுக. அவர உள்ள வச்சா அவளுகளுக்கு யாரு சொல்லிக்குடுப்பா?

— ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கு அழுதா பாரு. நேத்து ஒனக்கு ஓட்டம், ஞாபகம் இருக்கா? நானூறு மீட்டரு. ஒம் பேரச் சொல்லி ரெண்டு தடவ கூப்பிட்டிருப்பாக. ஆளு வரலன்னு கோடு போட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிருப்பாக.

— தெரியும்ப்பா. நேத்துக் காலையில இருந்து அந்தக் கெடியாரத்தப் பாத்துக்கிட்டேதான் கெடந்தேன்.

— ...நான் அதுக்குச் சொல்லல தாயி.

— எதுக்குச் சொன்னா என்ன.

— அண்ணாச்சி, அப்பனும் மகளும் பொறவு சண்ட போடலாம். கட்டு மாத்தணும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தங்கச்சி, கால இந்தப் பக்கம் நீட்டு.

— வா பாரூக்கு தம்பி. இந்த ஆஸ்பத்திரியில சிரிச்ச மொகத்தோட வார நர்ஸு நீ ஒருத்தன்தான்.

— சிரிக்காட்டி இந்த வார்டுல எனக்கே ஒரு கட்டில் போட வேண்டியதுதான். இந்தாங்க, உங்களுக்கும் சேத்து டீ வாங்கியாந்தேன். பாத்து, பாத்து, கொதிக்குது. அட, கிளாஸ அப்படியா அமுக்கிப் பிடிப்பாக? சுடலையா?

— இந்த ரெண்டு வெரலுக்கும் சூடு தெரியாது தம்பி. செத்து இருபது வருசமாச்சு. கொள்ளிக்கட்டய வச்சாலும் கம்முனு இருக்கும்.

— கரெக்டா டீக்கடைக்குப் போயிருக்க வேண்டிய ஆளு. ஐஸ் கம்பெனியில போயி மாட்டிக்கிட்டீக.

— என்ன செய்ய, தலையில ஐஸுன்னு எழுதிட்டான்.

— யப்பா, நீ வெளிய போய்க் குடி. கட்டப் பிரிச்சா ஒன்னால பாக்க முடியாது.

— இருக்கேன். பெத்தவன் பாக்காம வேற யாரு பாக்கது... ஆத்தாடி. கரிக்கட்ட மாதிரில்ல இருக்கு. போன வாரம் ஊதாவா இருந்துச்சே தம்பி.

— அந்தப் பக்கம் சன்னலப் பாருங்க அண்ணாச்சி. நான் தொடுறது தங்கச்சிக்கு வலிக்காது. கறுத்த எடத்துல உசுரு இல்ல. உசுரு எதுவரைக்கும் இருக்குன்னு இப்பக் கரெக்டாக் கோடு விழுந்திருச்சு. அதுக்குத்தான் டாக்டரு இருபத்திரெண்டு நாளு பொறுத்தாரு.

— எத்தன வெரல எடுப்பாக?

— வலதுல அஞ்சும். இடதுல ரெண்டு. நாளைக் காலையில மொத ஆளா உள்ள கொண்டுபோயிருவோம்.

— ஏழு. இவ அம்மாகிட்ட மூணுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ மாத்திச் சொல்லிராத.

— கட்டு பெருசா இருக்கும். எண்ண முடியாது.

— வீட்டுக்கு வந்த பொறவு எண்ணுவா. பிச்சையம்மாளப் பத்தி ஒனக்குத் தெரியாது. பொட்டப்பிள்ள ஓட வேணாம், ஓட வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டா. அவ பேச்சக் கேக்காம சூ வாங்கிக் குடுத்தது நானு. அந்தச் சூவ இப்பப் பரண்ல தூக்கிப் போட்டுட்டா. ஏன் தம்பி, பொறவு மில்லுக்குப் போலாம்ல? எட்டு மணி நேரம் நின்னே பாக்குற வேல.

— நடக்கலாம். சூவுக்குள்ள முன்னால பஞ்சு வச்சுக் குடுப்பாக. நாள் பூரா நிக்கிறது... அது பொறவு பாப்போம் அண்ணாச்சி. தங்கச்சி, ஒண்ணு கேக்கேன், கோவிக்காத. டாக்டரு மூணு தடவ கேட்டுட்டாரு. அந்த டிரம்முல வெறும் ஐஸும் தண்ணியும்தானா?

— ஆமாண்ணே. அதான் சொல்லிட்டேன்ல.

— கெண்டக்காலு, முழங்காலு எல்லாம் செவந்து, நாலு நாள்ல சரியாயிருச்சு. பாதம் மட்டும்தான் வெந்த மாதிரி ஆயிருக்கு. ஒரே தண்ணியில மேல ஒண்ணு, கீழ ஒண்ணா எப்படி ஆகும்?

— அடியில ஐஸ் கட்டி கெடந்துச்சு. அதுமேல நின்னுட்டேன்.

— ஐஸ் தண்ணியில மேலதான கட்டி மெதக்கும்?

— எனக்குத் தெரியாதுண்ணே. சீக்கிரம் கட்டப் போடுங்க.

— மீன்காரன் காலையில இருந்து ஐஸுக்குள்ளதான் கைய விடுதான். அவன் வெரலெல்லாம் கரெக்டாத்தான் இருக்கு. அதான் டாக்டருக்குப் பிடிபடல.

— பட்டாளத்தான் ஏதோ மருந்தக் கலந்திருக்கான் தம்பி. நெசமாச் சொல்லுதேன். நானும் அதத்தான் எழுதலாமான்னு பாத்தேன். அதுக்கு முந்தி ஒரு மாசமா டெய்லி நாந்தான ஐஸ் கொண்டுபோனேன்? எந்தப் பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகலையே.

— நீங்களா கொண்டுபோனது?

— வேற யாரு? நம்ம கம்பெனியில இருந்து மீனுக்கு ஐஸ் போகும். சர்பத்துக்குப் போகும். கல்யாண வீட்டுக்குப் போகும். பொணத்துக்குப் போகும். உசுரோட இருக்க ஆளு காலுக்குன்னு ஐஸ் போனது எங் காலத்துல அதான் மொதத் தடவ. இவதான் வந்து சொன்னா. ஓடி முடிச்ச ஒடனே ஐஸ் தண்ணியில பத்து நிமிசம் நின்னா வலி வத்திருமாம், மறுநாளும் அசராம ஓடலாமாம். மாஸ்டரு பட்டாளத்துல பாத்திருக்காராம். நான்கூடச் சிரிச்சேன். செத்த பொறவுதானட்டி ஐஸ்ல வைப்பாக, நீ என்ன இப்பவே கேக்கன்னு.

— யப்பா, போதும்.

— சிரிச்சேனே தவிர, மனசு கேக்கல. மில்லுல நின்னுட்டு வந்து ஓடுற பிள்ள. வீட்டுக்கு வந்து காலக் கட்டிக்கிட்டு அனத்தும். சரின்னு மொதலாளிகிட்டச் சொல்லிட்டு, வேல முடிஞ்சதும் அரை பார் அறுத்துச் சாக்குல கட்டிருவேன்.

— அரை பாருன்னா?

— பாருங்கது முழுக் கட்டி. ஆளு இடுப்பு ஒசரம் இருக்கும். அதுல பாதி. வண்டியில பின்னால வச்சு ஸ்ரீவில்லிபுத்தூரு வரைக்கும் கொண்டுபோயி, டிரம்முக்குள்ள ஒடச்சுக் கொட்டிட்டு வீட்டுக்குப் போவேன். பாதியா அறுத்த நீல டிரம்மு. நின்னா முழங்காலுக்கு மேல தண்ணி நிக்கும்.

— இந்த வெயிலுக்கு அங்க போறதுக்குள்ள கரைஞ்சிராதா?

— அதச் சொல்லு! அதான் பெரும்பாடு. சாக்குல இருந்து ரோடு பூரா ஒழுகும். போயிச் சேரும்போது பாதிதான் இருக்கும். அன்னைக்கு முந்துன நாளு இவ மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தா. 'டிரம்முத் தண்ணி கொழாத் தண்ணி மாதிரி இருக்குப்பா, வலி அப்படியே இருக்கு, ஓட்டத்துக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு'ன்னா. எனக்குப் பொறுக்கல.

— யப்பா, அம்மா போன் அடிச்சாளான்னு பாரு.

— அடிக்கல.

— வெளிய போயித் தண்ணி பாட்டில் ஒண்ணு வாங்கிட்டு வாப்பா.

— இந்தா தலமாட்டுல நெறைய இருக்கே. என்ன இவ, பேசவிடாம வெரட்டுதா?

— இருக்கட்டும் தங்கச்சி. சொல்லுங்க அண்ணாச்சி. பொறுக்கல, பொறவு?

— பொறவு என்ன, நமக்குத் தெரியாத வித்தையா? குல்பிக்காரன் வண்டியில ஐஸு எப்படி நாள் பூரா நிக்குது? கல்லுப்புப் போடுதான்ல. அதான். கம்பெனியிலயே ஐஸ ஒடச்சு, ஒரு வரிச ஐஸு, ஒரு வரிச உப்புன்னு சாக்குக்குள்ள அடுக்கிட்டேன். உப்புக்கு அங்க என்ன பஞ்சம், தொட்டிக்குப் போட மூட்ட மூட்டயாக் கெடக்கு. பத்துப் பன்னெண்டு கிலோ போட்டிருப்பேன். கொண்டுபோயிக் கவுத்தினேன் பாரு, டிரம்முல இருந்து பொக பொகயாக் கெளம்புது. எம் மக வலி இன்னைக்கு ஓடிரும்னு சந்தோசமா வண்டிய எடுத்தேன் தம்பி. சந்தோசமாப் போனேன். ஒரு மணி நேரத்துல போன் வருது. என்ன, கட்டப் பாதியில நிறுத்திட்ட?

— ஒண்ணுமில்ல அண்ணாச்சி.

— ஏட்டி, நீ ஏன் மொகத்த மூடுத? என்ன ரெண்டு பேரும் ஒரு மாதிரி ஆயிட்டீக?

— பாரூக்கண்ணே, சொல்லாதீக. நாளைக்கு ஆபரேசன் முடியட்டும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— என்னத்தச் சொல்லக் கூடாது? தம்பி, எம் மொகத்தப் பாரு.

— அண்ணாச்சி, அந்த ரெண்டு வெரலு எப்படிச் செத்துச்சு?

— இதுவா? இதுக்கென்ன இப்ப? கம்பெனித் தொட்டியில. ஐஸு உறையிற கேனத் தூக்கும்போது கொக்கி நழுவிருச்சு. கை உள்ள போயி ரெண்டு கேனுக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. ஆளுக ஓடிவந்து எடுக்க ஆறேழு நிமிசம் ஆச்சு.

— ஆறேழு நிமிசத்துலயா? தண்ணிதான அது?

— சும்மாத் தண்ணின்னா ஒண்ணும் ஆகாதே. அது உப்புத் தண்ணி தம்பி. ஐஸ விடக் குளிரு. அது உறையாது, ஆனா அதுக்குள்ள எறக்கினது எல்லாத்தையும் உறைய வச்சிரும். அதுக்குத்தான உப்பு... அதுக்குத்தான தொட்டியில உப்பக் கொட்டுதோம். உப்பு இல்லாட்டி கேன்ல இருக்க தண்ணி எப்படி பாரா... குல்பிக்காரன் டப்பாவுல பாலு எப்படி...

— அண்ணாச்சி, டீ சிந்துது. கிளாஸ எங்கிட்டக் குடுங்க.

— பாலு உறையுதுல்ல.

— யப்பா. இங்க வா. இங்க வந்து உக்காரு.

— புதுசா வேலைக்கு வார ஆளுகளுக்கு நாந்தான் சொல்லுவேன். தொட்டியில கைய விட்ராதீகலேன்னு. இந்த வெரலக் காட்டிக் காட்டிச் சொல்லுவேன் தம்பி. போன மாசம்கூட ஒருத்தனுக்குச் சொன்னேன்.

— தெரிஞ்சா செய்வீக? உக்காருங்க.

— எனக்குத் தெரியும். நெசமாச் சொல்லுதேன், தெரியும். ஆனா ஐஸ மட்டுந்தான் நெனச்சேன். ஐஸு கரையக் கூடாது, கரையக் கூடாதுன்னே நெனச்சேன். அதுக்குள்ள எம் பிள்ள காலு இருக்குமேன்னு நெனக்கல.

— உப்பு அடியில தங்கியிருக்கு. அதான் பாதம் மட்டும்... சரி. நான் டாக்டர்கிட்டச் சொல்லியாகணும் அண்ணாச்சி, மறைக்க முடியாது. யாரையும் குத்தம் சொல்லதுக்கு இல்ல. தங்கச்சி, கட்டு முடிஞ்சது. அப்பாவத் தனியா விடாத. வராண்டாவுலதான் நிக்கேன், ஒரு சத்தம் குடு.

— சரிண்ணே. யப்பா, எம் மொகத்தப் பாரு.

— ஒனக்குத் தெரியுமா?

— ம்.

— எப்ப இருந்து?

— இங்க சேத்த ரெண்டாம் நாளு. மாஸ்டரு பாக்க வந்தாருல்ல, நீ வாசல்ல வச்சுச் சட்டையப் பிடிச்சியே. அதுக்கு முன்னாடி எங்கிட்டத்தான் பேசிட்டு வந்தாரு. டிரம்மக் கவுத்தினா அடியில ஆத்து மணலு மாதிரி உப்புக் கெடந்துச்சும்மான்னாரு. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா உசுர விட்ருவாரு, யாருகிட்டயும் சொல்லாதீக மாஸ்டர்னேன்.

— சட்டையப் பிடிச்சேனே. கிழிஞ்சதே. ஒரு வார்த்த பேசலையே அந்த மனுசன்.

— பேச மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு.

— இப்ப நாலு மணிக்கு ஸ்டேசனுக்குப் போவாரே.

— போவாரு. அங்கயும் பேச மாட்டாரு.

— அதான் நீ போட மாட்டேன்னியா?

— ஆமா.

— அந்தப் பேப்பர எடு.

— கிழிச்சுப் போட்ருப்பா.

— கிழிக்கப்படாது. அவரு பேரு இருக்க எடத்துல அடிச்சுட்டு எம் பேர எழுதுதேன். நாலு மணிக்கு முந்தி நானே கொண்டுபோயிக் குடுக்கேன். நீ அடியில கையெழுத்துப் போடு.

— போட மாட்டேன்.

— அவருக்கும் போட மாட்ட. எனக்கும் போட மாட்ட. சரி. ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த ரெண்டு பிள்ளைகளும் எரியுதுன்னு குதிச்சாளுகளே, ஒனக்கு எரியலையா?

— எரிஞ்சுச்சு.

— விசில் சத்தம் கேட்டுச்சா?

— கேட்டுச்சு.

— பொறவு ஏன் தாயி நின்ன? ஒன்ன யாரு கட்டிப்போட்டா? ஒத்தக் காலத் தூக்கி வெளிய வச்சிருந்தாக்கூட ஒரு காலாவது மிஞ்சியிருக்குமே.

— அத விடுப்பா.

— சொல்லு. வேற எதுவும் ஒங்கிட்டக் கேக்கல. இத மட்டும் சொல்லு.

— ஓடி முடிச்சதும் டிரம்முத் தண்ணிய அள்ளி மொகத்துல அடிப்பேன்ல. அன்னைக்கும் அடிச்சேன். ஒதட்டுல உப்புக் கரிச்சுது. நீதான் போட்டிருக்கன்னு தெரிஞ்சுபோச்சு. அவளுக ஏறி வாடி, ஏறி வாடின்னு கத்தினாளுக. ஐஸப் பத்தி எங்கப்பாவுக்குத் தெரியாததா, வலி போகணும்னுதான் போட்டிருப்பாருன்னு, விசிலுக்குப் பொறவும் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன்ப்பா.